நாற்காலிக் கணக்கு

2025 மார்ச் 27

இரண்டாவது கீமோ முடிந்து மூன்றாம் நாள். பெருங்குடல் புற்றுநோய்க்குச் செய்த அறுவை சிகிச்சையின் தையல் எப்போதோ ஆறிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்வது, "நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள்." வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? படுக்கப் படுக்க அசதி கூடுகிறது. உழைத்த களைப்பு தூங்கினால் போய்விடும். இது நான் கண்விழிக்குமுன் விழித்து, நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 3

பிசியோதெரபிஸ்ட் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைக் காட்டினார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஏழு. எட்டாவது முறை பாதி எழுந்து, பொத்தென்று விழுந்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஏழு" என்று எழுதிக்கொண்டார்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம். எனக்கு எந்த வேகத்திலும் பாட வராது என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சியை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

ஏப்ரல் 17

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறினால் சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது. மறந்துபோய் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் ஊசிக்கொத்து. அதிகாலைக் காற்றுக்குத் தொண்டை இறுகுவதால், வெயில் ஏறியபின்தான் வெளியே போகிறேன்.

இன்று ஆறு நிமிடம், அதுவும் கூடத்துக்குள். மருந்து ஏறிய வாரம் இவ்வளவுதான். மூன்றாவது வாரம் அரைமணிவரை போகலாம். 21 நாள் கீமோ சுற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கும் கணக்கு இது. ஒருநாள் நடை தவறினாலே என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டவன் நான். பழக நாளாகும்.

மே 26

இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 62,000 ஆகக் குறைந்துவிட்டன. ஐந்தாவது கீமோ ஒரு வாரம் தள்ளிப்போகிறது. ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியும் நிறுத்தம். மூச்சை அடக்கி முக்கும் வேலை எதுவும் வேண்டாம், கீழே விழாமல் மெதுவாக நடந்தால் போதும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியில் அப்போதுதான் பத்தைத் தொட்டிருந்தேன். கோபம் யார்மேல் என்று தெரியாமல், பட்டையைச் சுருட்டி அலமாரிக்குள் வீசினேன்.

ஜூன் 5

மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். சிகாகோவில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் வெளியான ஆய்வு. என்னைப்போலவே பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும். மறுபாதிக்கு மூன்று ஆண்டுகள், ஆள் வைத்துக் கண்காணித்த பயிற்சி. ஐந்தாண்டுக் கணக்கில், நோய் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம்.

கையேடு கிடைத்தவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது. என் மேசையிலும் அப்படி மூன்று கிடக்கின்றன. ஆனால் அது கீமோவுக்குப் பிந்தைய கதை. நான் இன்னும் நடுவில் இருக்கிறேன். இதையெல்லாம் படுத்தபடிதான் படித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 21

கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. சிவந்து, தோல் உரிகிறது. தரையில் ஊன்றினால் தீப்பட்டதுபோல் எரிகிறது. நடை இல்லை. உட்கார்ந்தபடியே முழங்காலை மாற்றி மாற்றித் தூக்குகிறேன்.

செப்டம்பர் 27

கடைசி மாத்திரை விழுங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உள்ளங்கால் தேறிவிட்டது, விரல்களின் மரத்துப்போதல் மட்டும் கூடியிருக்கிறது. மருந்தை நிறுத்தியபிறகும் சில மாதம் கூடுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பட்டை, மற்ற நாட்களில் நடை, தினமும் சமையல் மேடை ஓரமாக ஒற்றைக்காலில் நிற்பது. நாற்காலியில் பதிமூன்று.

இன்று மாலை நடையில் வலதுகால் செருப்பு கழன்றது தெரியாமலே பத்தடி போயிருக்கிறேன். பின்னால் வந்த மகள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, "அப்பா, இது உங்களுடையதுதானே?" என்றாள்.