தெரியும், கேட்டேன், விழுந்தது

மெக்சிகோவின் கேரேத்தாரோ நகரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் வாகன உதிரிபாக ஆலைகள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றில், சென்னையிலிருந்து இயந்திரங்களை நிறுவ வந்த பொறியாளர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினேன். பொறியாளர்கள் என்னிடம் தமிழில் பேசுவார்கள். அதை நான் ஸ்பானிய மொழியில் சொல்வேன். மாலையில் எழுதும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். இயந்திர உறுப்புகளின் பெயர்களை அகராதியைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது. ஏறத்தாழ ஒரே பொருள் தரும் இரண்டு வினைச்சொற்களுள் எதை எடுப்பது என்ற கேள்விக்கு, எதிரே நிற்பவர் யார், அவரிடம் நமக்கு வேண்டியது என்ன என்று யோசித்த பிறகே விடை கிடைத்தது.

புதிய தொழிலாளர் ஒருவரிடம் பொறியாளர் முதலில் கேட்பது, "இந்த மெஷின் தெரியுமா?" என்பதுதான். தமிழில் இது முழுமையான கேள்வி. ஸ்பானிய மொழியிலோ 'தெரியும்' என்பதற்கு 'சபேர்', 'கொனோசேர்' என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒரு செய்தியை அறிந்திருப்பதும் ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருப்பதும் 'சபேர்'. ஓர் ஆளோடோ ஊரோடோ பொருளோடோ பழக்கம் இருப்பது 'கொனோசேர்'. "லோ கொனோஸ்கோ" என்று ஒருவர் விடை சொன்னால், அந்த இயந்திரத்தோடு தமக்கு அறிமுகம் உண்டு என்று மட்டுமே அவர் சொல்கிறார். அதை இயக்க வல்லவர் என்று உறுதி கூறவில்லை. அந்த உறுதி வேண்டுமானால், "சாபே மனேஹார்லோ?" என்று, இயக்கத் தெரியுமா என்பதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். கடைசல் இயந்திரத்தின் முன் ஒருவரை நிறுத்துவதற்குமுன் இந்த இரண்டாவது கேள்வியைப் பொறியாளர் கேட்காவிட்டாலும் நான் கேட்டுவிடுவேன். கேட்டதைப் பொறியாளரிடமும் சொல்லிவிடுவேன்.

'சபேர்' இறந்தகாலத்துக்குப் போகும்போது இன்னும் நுட்பமாகிவிடுகிறது. "லோ சபீயா" என்றால் முன்பே தெரிந்திருந்தது. "லோ சூப்பே" என்றால் அப்போதுதான் தெரியவந்தது. பழுதான பாகங்கள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துபோன பிறகு நடக்கும் விசாரணையில், இந்த இரண்டையும் 'தெரியும்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் குற்றமற்றவர்மீது பழி விழும்.

எதிர்த் திசையில் எனக்கு மிகுந்த வேலை வைத்தது நம்முடைய 'கேள்'. காதால் கேட்பது, வினவுவது, வேண்டிப் பெறுவது ஆகிய மூன்றையும் தமிழ் இந்த ஒரே சொல்லால் சொல்கிறது. இவற்றுள் வினவுவதற்கு 'பிரெகுந்தார்' என்றும் ஒரு பொருளைத் தரச்சொல்வதற்கு 'பெதிர்' என்றும் ஸ்பானியர் பிரித்துச் சொல்கிறார்கள். "அந்த ரிப்போர்ட் என்னாச்சு, கேளுங்க" என்று பொறியாளர் சொன்னால், அறிக்கையின் நிலையை மட்டும் அறிய விரும்புகிறாரா, அல்லது அது உடனே தம் கைக்கு வர வேண்டும் என்கிறாரா என்பதை அவரிடமே தெளிவுபடுத்திக்கொண்டுதான் மேற்பார்வையாளரிடம் திரும்புவேன். முன்னதற்கு ஒரு விடை போதும். பின்னதோ கோரிக்கை, அவர் தம் வேலையை நிறுத்திவிட்டு அதை முடித்துத் தர வேண்டியிருக்கும். பிறர் நேரத்தின்மீது உரிமை எடுத்துக்கொள்ளும் சொல்லை, பேசுபவரின் மனம் அறியாமல் நானாகத் தேர்ந்தெடுப்பது முறையாகாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

'இருக்கிறது' என்பதற்கான 'செர்', 'எஸ்தார்' இரண்டைப் பற்றியும் பாடநூல்கள் நிறையச் சொல்கின்றன. நிலையானதற்கு முன்னது, தற்காலிகமானதற்குப் பின்னது என்று தொடக்கநிலை வகுப்புகளில் சொல்லித்தரும் விதியை மட்டும் நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. இறந்தவரை 'எஸ்தா முவேர்த்தோ' என்கிறார்கள். மரணத்தைவிட நிலையானது எது? ஒரு நகரம் எங்கே உள்ளது என்பதற்கும் 'எஸ்தார்' தான். ஆனால் கூட்டம் எந்த அறையில் நடக்கும் என்று கேட்க "தோந்தே எஸ் லா ஹுந்தா?" என்று 'செர்' வருகிறது, ஏனெனில் அது ஒரு நிகழ்ச்சி. 'எஸ்தார்' பிறந்தது 'நிற்றல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து. ஒன்று எந்த நிலையில் வந்து நிற்கிறது என்று பார்த்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும். இயந்திரம் 'எஸ்தா லிஸ்தா' என்றால் தயாராக நிற்கிறது. ஒரு பெண் 'எஸ் லிஸ்தா' என்றால் அவர் கெட்டிக்காரர்.

ஸ்பெயின் நாட்டுப் பாடங்களைக் கேட்டுப் பயின்று வருபவர்களுக்கு, ஒரு பொருளை எடுப்பதற்கான 'கொஹேர்' என்ற வினையை மெக்சிகோவில் வாய்தவறியும் சொல்லாதீர்கள் என்று முதல் நாளே எச்சரித்துவிடுவேன். அங்கே அது கொச்சையான பொருளுடையது. 'தொமார்', 'அகர்ரார்' என்ற சொற்கள் போதும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, கைதவறுதலைச் சொல்லும் முறை. பாகங்களின் அளவை நுட்பமாகப் பார்க்கும் கருவியான, விலை உயர்ந்த டிஜிட்டல் வெர்னியர் ஒன்று தரையில் விழுந்து கெட்டுப்போனது. வைத்திருந்த தொழிலாளி, "சே மே காயோ, இன்ஹெனியேரோ" என்றார். 'விழுந்துவிட்டது' என்ற வினையோடு 'எனக்கு' என்ற சொல்லும் அதில் சேர்ந்து நிற்கிறது: நிகழ்ந்தது என் கையில், ஆனால் நான் வேண்டுமென்று செய்யவில்லை. 'தீரே' என்று அவர் சொல்லியிருந்தால் 'நான் கீழே போட்டேன்' என்றாகியிருக்கும். 'உடைந்தது', 'உடைத்தேன்' என்று பிரித்துப் பேசும் நமக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். "கையிலிருந்து விழுந்துவிட்டதாம்" என்று தமிழில் சொன்னதும் பொறியாளர் தலையசைத்தார்.

ஆங்கில அறிக்கையில்தான் சிக்கல் எழுந்தது. படிவத்தில் 'கீழே போட்டவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெயரை நிரப்பச் சொன்னார்கள். தொழிலாளி அப்படிச் சொல்லவில்லை என்றும், அவர் சொல்லாத வினையை அவர் பெயரோடு சேர்த்து எழுத என்னால் இயலாது என்றும் தரக்கட்டுப்பாட்டு அலுவலரிடம் விளக்கினேன். அவர் மெக்சிகோக்காரர், இரண்டு வினைகளையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டு, வெர்னியர் எப்படி விழுந்தது என்ற விசாரணை தொடங்கியது. குளிரூட்டும் எண்ணெய் சிந்தும் மேசை ஓரத்திலேயே அளவுகருவிகளை வைக்கும் வழக்கம் அதில் தெரியவந்தது. கருவிகளுக்கெனத் தனி அலமாரி அமைத்தார்கள். அடுத்து அச்சான படிவத்தில், நடந்ததைத் தொழிலாளி தம் சொற்களிலேயே ஸ்பானிய மொழியில் எழுதுவதற்கு இரண்டு வரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன.