வால்ரஸ் எண்ணுற வேலை

மொரீஷியஸ்ல ஈபீன் சைபர்சிட்டி பக்கம் ஒரு டேட்டா கம்பெனில வேலை பாக்குறேன், போட்டோவுல இருக்குற ஒவ்வொண்ணையும் சுத்தி கட்டம் போட்டு லேபிள் குடுக்கணும், அதைப் பாத்து கம்ப்யூட்டர் கத்துக்கும். வழக்கமா காரு, சிக்னல், ரோட்டுல போற ஆளுன்னு ஓடும். நடுவுல ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சு, ஆர்டிக்ல விமானத்துல இருந்து எடுத்த படங்க, அதுல வால்ரஸ் (நீளத் தந்தம் வச்ச பெரிய கடல் மிருகம்), சீல் (கடல்நாய்), பனிக்கரடி எல்லாத்தையும் எண்ணணும்.

வால்ரஸ்தான் உசிர வாங்கும். கரை அவ்ளோ தூரம் காலியா கெடந்தாலும் இதுங்க ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு உரசிக்கிட்டுதான் படுக்கும், எது யாரோட முதுகுன்னே பிரிக்க முடியாது. அதுலயும் சிலது வெளுத்துப்போய் இருக்கும் சிலது ரோஸ் கலர்ல இருக்கும், புதுசா சேந்த பசங்க ரெண்டும் வேற வேற மிருகம்னு சண்டை போடுவாங்க. ஒண்ணுதான்ப்பா. குளிர்ந்த தண்ணில தோலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுக்கும், அதான் வெளுப்பு, மேல ஏறி உடம்பு சூடானதும் செவக்கும். முன்னாடி கடல் ஐஸ் மேலயே படுத்துக்கிட்டு அங்கருந்தே முங்கிப் போய் சிப்பி தின்னுட்டு வரும், இப்ப கோடையில ஐஸ் இல்லாம கரைக்கு ஏறுதுங்க. 2014ல அலாஸ்காவுல பாயின்ட் லே பக்கம் சுமார் 35,000 ஒரே இடத்துல. அந்தக் கூட்டம் ஏதோ சத்தத்துக்கு மிரண்டு கடலுக்கு ஓடுச்சுன்னா குட்டிங்க மிதிபட்டே செத்துப்போகும்.

ஹூடட் சீல்னு ஒரு சீல் வகை இருக்கு, அதோட கதை வேற. குட்டிக்கு நாலே நாள்தான் பால். பாலுல பாதிக்கு மேல கொழுப்பு, அந்த நாலு நாள்லயே குட்டி எடை டபுளாயிடும், அம்மா கெளம்பிடும். பிரசவமே மிதக்குற ஐஸ் மேலதான், அது எப்ப உடையும்னு யாருக்குத் தெரியும், அதான் அவசரம். வால்ரஸ் ரெண்டு வருஷத்துக்கு மேல குட்டியைக் கூடவே வச்சிருக்கும். பிரசவ லீவு முடிஞ்சு வந்த பக்கத்து சீட் அக்கா இந்த ஊருக்காரங்க, வீட்டுல கிரியோல், தமிழ் ஸ்கூல்லயும் கோயில்லயும் கத்துக்கிட்டது. இதைக் கேட்டுட்டு, "நாம எல்லாம் வால்ரஸ் தம்பி, ஆனா ஆபீஸ் நம்மள சீல்னு நெனைக்குது"ன்னாங்க. ஃப்ளோரே சிரிச்சுச்சு, டீம் லீடர் மட்டும் ஸ்கிரீனைப் பாத்தாரு.

உடம்புச் சூட்டைப் படம் பிடிக்குற தெர்மல் கேமராவுல சீல் பளிச்சுனு தெரியும், பனிக்கரடி அவ்ளோ சுலபமா மாட்டாது, முடியும் கொழுப்பும் சேந்து சூட்டை வெளிய விடாது. அதனால கலர் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். மேனுவல்ல கட்டம் எத்தனை பிக்சல் இருக்கணும்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, மிருகம் எப்படி நடந்துக்கும்னு ஒரு பாராகூட இல்ல, எனக்கு இது சுத்தமா புரியல. கடைசில நாங்களே ஒரு ஷீட் போட்டோம். ரிங்டு சீல் முன்துடுப்பு நகத்தால ஐஸைச் சொரண்டி மூச்சு விட ஓட்டையைத் தெறந்தே வச்சிருக்கும், கரடி அந்த ஓட்டைகிட்ட மணிக்கணக்கா அசையாம காத்திருக்கும், அதனால ஐஸ்ல ஓட்டை தெரிஞ்சா சுத்தி இருக்குற வெள்ளையை ஜூம் பண்ணிப் பாக்காம அடுத்த படத்துக்குப் போகாதேன்னு அதுல எழுதினோம்.