தமிழ் ஐயாவின் கபடி வர்ணனை

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி மூன்று மாதமாக நச்சரிக்கிறார்கள். விடுதிச் சாம்பார், வேப்பமரம், முதல்வரின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் போன மலரிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது யாரும் எழுதத் துணியாத அந்தக் கபடிப் போட்டிதான். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிடுங்கள்.

1988. வட ஆற்காடு பிரியாத காலம். நாங்கள் முதுகலைக் கடைசி ஆண்டு. விடுதி நாளில் குடும்பஸ்தர் அணியாக விரிவுரையாளர்கள், பிரம்மச்சாரி அணியாக நாங்கள். பாலாற்று மணலை நாலு வண்டி கொட்டியிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர்தான் இல்லை, மணலுக்கு அப்போது பஞ்சமில்லை. பரிசு ஆற்காடு மக்கன் பேடா.

மைக் தமிழ் ஐயாவின் கையில். நெற்றி நிறைய திருநீறு, மருந்துக்கும் சிரிக்காத முகம். முதலில் விதிமுறை சொன்னார்.

"பாடிப் போகிறவர் மூச்சு விடக் கூடாது. விட்டால் ஆட்டம் போச்சு. நடுக்கோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது ஆட்டமாகாது. உள்ளே தொடுகோடு ஒன்று உண்டு. அதைத் தாண்டியே தீரவேண்டும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தத் தையில்தான் கல்யாணமான வேதியியல் சார் முதலில் பாடப் போனார். "ஆர்வம் தெரிகிறது, பழக்கம் போதவில்லை. அவசரம் வேண்டாம் சார், முதலில் சுற்றி வாருங்கள், தொட்டுப் பாருங்கள், அப்புறம் பாயலாம்" என்றார் ஐயா. சார் பாய்ந்தார். பாதியிலேயே மூச்சு விட்டுவிட்டார். "அதற்குள்ளா?" என்று மட்டும் கேட்டார் ஐயா. மைதானமே உருண்டது. புதுப்பெண் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எங்கள் பக்கம் உடம்பு இருந்தது, நிதானம் இல்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடமான வரலாற்றுப் பேராசிரியர் ஒரு மூலையில் அசையாமல் நின்றார். போனவனெல்லாம் தானே துள்ளித் தானே களைத்து அவர் காலடியில் விழுந்தான். "அனுபவஸ்தர் அலட்டிக்கொள்ள மாட்டார்" என்றது மைக்.

இடைவேளையில்தான் ஐயா மாட்டினார். "இருபது நிமிடம் ஆட்டம், ஐந்து நிமிடம் ஓய்வு, பிறகு பக்கம் மாறி மறுபடி இருபது நிமிடம்" என்று சொல்லி முடிக்கவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"யாருங்க அது, இருபது நிமிஷம்?"

ஐயாவின் வீட்டம்மா. எனக்குத் தெரிந்து ஐயா மைக்கைத் தானாக அணைத்தது அந்த ஒரு தடவைதான்.

மக்கன் பேடா குடும்பஸ்தர்களுக்கே போனது. மறுநாள் முதல்வர் ஐயாவைக் கூப்பிட்டனுப்பினார். "கபடி விதியில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னேனா? காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை பாடினார். எள் என்று எடுத்துக்கொள்பவனுக்கு எள், பாம்பு என்று எடுத்துக்கொள்பவனுக்குப் பாம்பு" என்றாராம். முதல்வர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது டிவியில் இரட்டை அர்த்தம் பேசுகிறவர்கள் பேசுவதற்கு முன்பே கண்ணடித்துவிடுகிறார்கள். அப்புறம் அதில் என்ன இருக்கிறது? ஐயா கடைசிவரை கண்ணடிக்கவே இல்லை.

2014இல் புரோ கபடி தொடங்கியபோது சிங்கப்பூரிலிருந்து, வேலூர் சத்துவாச்சாரியில் இருந்த ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, நம்ம காலம் மாதிரி மூச்சு இருக்கிறவரைக்கும் இல்லை. இப்போது ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இரு, அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். போனைத் தருகிறேன், அவளிடமே சொல்லு."