சிவப்பு விளக்கும் ஒரு பழைய எஸ்எல்லும்

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் இன்று சிக்னலில் நிற்கும்போது திடீரென்று தூறல். பக்கத்தில், கூரை திறந்தபடி ஒரு பழைய மெர்சிடிஸ் எஸ்எல். ஓட்டிவந்த பெரியவர் பதறவே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினார்.

பின்பக்க மூடி எழுந்தது. துணிக்கூரை விரிந்து வந்து, முன்கண்ணாடி விளிம்பில் தானே பூட்டிக்கொண்டது. சுமார் 30 நொடி. வண்டி நின்றால்தான் இது வேலை செய்யும். சிவப்பு விளக்குக்கு யாராவது நன்றி சொல்லியிருந்தால் அவர்தான்!

ஆர்129 மாடல் அது. 1989 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகம், 2001 வரை தயாரிப்பு.

கூரையைவிட எனக்குப் பிடித்தது கண்ணில் படாத ஒன்று.

இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு வளைவு படுத்தே கிடக்கும். கார் கவிழப்போகிறது என்று சென்சார்கள் உணர்ந்தால் 0.3 நொடியில் நிமிர்ந்து நிற்கும். நிரந்தரமாக ஒரு கம்பியை நட்டு வைத்திருக்கலாம், வேலை சுலபம். ஆனால் திறந்த காரின் அழகே தலைக்கு மேல் ஒன்றும் இல்லாததுதானே.

வழக்கமாக பெல்ட்டைத் தாங்கும், கதவுக்குப் பின்னாலுள்ள நடுத்தூண் இல்லாததால் சீட் பெல்ட்டையும் இருக்கைக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள்.

இப்போது பெரிய தொடுதிரை இருந்தால் சொகுசு என்கிறார்கள். சரி, இருக்கட்டும். எனக்கென்னவோ, ஆயுள் முழுக்க ஒருமுறைகூட எழ வேண்டியிராத அந்த வளைவுக்கு இவ்வளவு மெனக்கெட்டதுதான் சொகுசாகப் படுகிறது.