குமரி அம்மனுக்கு பட்டு சாத்தியாச்சு

அம்மா நேர்ந்த நேர்ச்சை ஒருவழியா முடிஞ்சுது, தாயே பகவதி, உனக்கு கோடி நமஸ்காரம். எங்க அண்ணன் மகன் பைக்குல விழுந்து தலையில அடிபட்டு ஐசியூல கிடந்தப்போ, பய எழும்பி நடந்தா சித்ரா பௌர்ணமிக்கு உனக்கு பட்டு சாத்துறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. இப்போ அம்மாவுக்கு முட்டுவலி, அதனால நானும் அவனுமா போனோம். அவன் எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கான். சாமி இல்லைன்னு சண்டை போடுற ஆள் கிடையாது, ஆனா இருக்குன்னு எப்படி அத்தே சொல்லுதீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பான்.

தோவாளையில மாலை வாங்கிட்டு முதல்ல சுசீந்திரம். தாணுமாலயன தொழுதுட்டு ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்திட்டு இசைத்தூண் பக்கம் வந்தப்போ நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கல. ஒரே கல்லுல இத்தன தூணு, தட்டுனா ஒண்ணொண்ணுக்கும் ஒரு நாதம், செஞ்ச ஒருத்தன் இல்லாம இது வருமாடா, அப்படித்தானே இந்த உலகமும்னேன். அதுக்கு அவன், "தூண செஞ்சது சிற்பி, சரி. நீளமும் கனமும் மாறுனா நாதம் மாறும்ங்கற விதிய சிற்பியா செஞ்சான்? அது முன்னாடியே கல்லுல இருக்கு அத்தே, அவன் அத புரிஞ்சு செதுக்குனான், அவ்வளவுதான்" என்னான். நம்ம சைவ சித்தாந்தத்துலயும் அதான்டா மக்கா, குயவன் பானையத்தான் செய்வான், மண்ண செய்யமாட்டான், மாயைங்கற மூலப்பொருள்தான் மண்ணு, அது அநாதி, ஆரம்பமே இல்லாததுன்னேன். அப்போ மண்ணுக்கு அந்த குணத்த குடுத்தது ஆருன்னு கேட்டான் பாருங்க, எனக்கு சத்தமே இல்ல.

கார்ல போகும்போது அவனே நியூட்டன் கதைய எடுத்தான். சூரியனும் கோளும் இவ்வளவு அழகா அமைஞ்சது அறிவுள்ள ஒருத்தரோட ஏற்பாடு இல்லாம நடக்காதுன்னு நியூட்டனே 1713ல எழுதி வச்சிருக்காராம். ஆனா கோள்கள் ஒண்ண ஒண்ணு இழுத்து போகப்போக பாதை கெட்டுரும், அப்பப்போ கடவுள் சரி பண்ண வேண்டி வரும்னும் நெனச்சாராம். வியாழனும் சனியும் கணக்குக்கு ஒத்துவராம போனத வச்சு ரொம்ப காலம் குழப்பமா இருந்திருக்கு, 1785ல லாப்லாஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து, இது ஏறக்குறைய 900 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வர்ற ஆட்டம்தான், அதே ஈர்ப்பு விதியே பாத்துக்கிடும்னு காமிச்சுட்டாராம். எனக்கு அதக்கேட்டு ஒரு வருத்தமும் வரல. கை வைக்காமலே ஓடுதுன்னா அதுவும் அவ பெருமைதானே.

கன்னியாகுமரி கூட்டம்... அத ஏன் கேக்கீங்க. வண்டி நிறுத்த எடம் தேடியே பாதி உயிர் போச்சு, சந்துல ஒரு ஆளு ஐநூறு குடுங்கம்மா நேரா அம்மன் முன்னாடி கொண்டு விடுதேன்னு விடாம பின்னாலயே வந்தான், மாலை விக்கிறவங்க ஒரு பக்கம் கைய புடிச்சு இழுக்காங்க. வடக்கு வாசல் வரிசையில வேர்வையில குளிச்சுக்கிட்டு நிக்கும்போது பய மெதுவா கேட்டான், "விதி அழகா இருக்குன்னு சொல்லுதீங்க, 2004 டிசம்பர் 26ல சுனாமியா கடல் வந்ததும் விதிப்படிதானே அத்தே? நம்ம கடற்கரை ஊருங்க கொட்டில்பாட்டுல, மணக்குடியில செத்துப் போனவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?" எனக்கு இன்னைக்கு வரைக்கும் இதுக்கு பதில் தெரியாது, அவங்கவங்க கர்மான்னு வாய் கூசாம சொல்லுறவங்கள கண்டா எரிச்சல்தான் வருது.

உள்ள போனதும் சட்டைய கழட்டிட்டு எனக்கு முன்னாடி நின்னான். தையல் போட்ட எடத்துல இன்னும் முடி வளரல, அந்த தழும்பு. அதுக்கு மேல விளக்கு வெளிச்சம், அதுக்கும் மேல அவ மூக்குத்தி. பின்னால தள்ளுறாங்க, போங்க போங்கன்னு சத்தம், எனக்கு ஒண்ணும் கேக்கல, தாயே தாயேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே அழுதுட்டேன். டாக்டர் காப்பாத்துனாரு, நர்ஸ் பிள்ளைங்க ராப்பகலா பாத்துக்கிட்டாங்க, அவங்க கைய புடிச்சு நன்றி சொல்லியாச்சு. அதுக்கப்புறமும் நெஞ்சுல நன்றி மிச்சம் கிடக்கே, அத எங்க கொண்டு போடுவேன்? ஈர்ப்பு விதிக்கிட்ட சொன்னா அது கேக்குமா? ஆதாரம்னு நான் ஒண்ணும் சொல்லல, எனக்கு சொல்ல ஒரு முகம் வேணும், அங்க நின்னுக்கிட்டிருந்தா. பய கும்பிட்டானா இல்லையான்னு நான் பாக்கவே இல்ல. பட்டு சாத்துனது, குங்குமம் வாங்குனது, வெளிய வந்தது எதுவும் ஒழுங்கா ஞாபகம் இல்ல.

சாயங்காலம் மேக்க சூரியன் இறங்க, கொஞ்ச நேரம் மேகத்துக்குள்ள இருந்துட்டு கிழக்க சந்திரன் வந்துது. எல்லா பௌர்ணமிக்கும் ரெண்டும் எதிரெதிரதான் அத்தே, இங்க ரெண்டு பக்கமும் கடலுங்கறதால ஒரே எடத்துல நின்னு பாக்க முடியுதுன்னு விளக்கம் சொல்லிட்டு அவனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு காமிச்சான். அத பாத்ததுல இருந்து அடுத்த வருஷம் நானும் வருவேன்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்காங்க. சித்ரா பௌர்ணமி கூட்டத்துல வீல்சேர் உள்ள கொண்டு போன அனுபவம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க, அந்த ஐநூறு ரூவா ஆளுக்கிட்ட மட்டும் நான் கேக்க மாட்டேன்.