மில்லுக்கு எழுதிய ஐந்தாண்டுத் திட்டம்

நெல் உலர்த்தும் இயந்திரத்துக்குக் கடன் கேட்டுப் போனோம். ஐந்தாண்டு வியாபாரத் திட்டம் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம் என்றது வங்கி. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்களுடையது குடும்ப அரிசி மில். மாமா முதலாளி, கணக்கு நான். ஆகவே திட்டமும் என் தலையில்.

தூரநோக்கு, பணிக்கூற்று எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்தது. அதை இதுவரை யாரும் திருப்பி வாசித்ததாகத் தெரியவில்லை. அடுத்தது பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நாலு கட்டம். மாமா பலத்தில் மட்டும் பக்கம் நிரப்பினார். வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரைக்குப் போய், போடியார்மாரிடம், அதாவது பெரிய வயற்காரரிடம், நெல் வாங்கிவரும் அண்ணனையும் கூப்பிட்டு இருத்திய பிறகுதான் பேச்சு சூடுபிடித்தது. "போடியார்மார் நம்மட நல்ல பேருக்கா தாறாங்க? ஈர நெல்லையும் தட்டாம எடுக்கிறம், அதுக்குத்தான்" என்றார்.

மாரி மழையில் செய்யும் பெரும்போகத்தின் அறுவடை தை மாசியில், மழை முழுதாக விடாத காலம். மெஷினால் வெட்டிய நெல் ஈரத்தோடே மூடைக்கு வரும். களஞ்சியத்தில் வைக்க ஈரப்பதம் 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். வெயில் இல்லாவிட்டால் தெருவில் பரப்பியும் பயனில்லை. அந்த நேரம் ஈர நெல்லை வாங்கி உலர்த்தக்கூடியவன் கைதான் ஓங்கும். எங்கள் உத்தி அந்த ஒரு வசனத்தில் இருந்தது. மற்றப் பக்கங்கள் அதற்கான கணக்கு.

அப்படியானால் எதை விடுவது? மாமாவுக்கு நெடுநாள் ஆசை ஒன்று. "மருமகன், பேர் போட்ட பையில எங்கட அரிசி கொழும்புக்குப் போகணும்." பொதி இயந்திரம், விளம்பரம், கடன் தவணை என்று விலையைப் போட்டுக் காட்டினேன். உலர்த்தும் இயந்திரம், பேர் போட்ட பை இரண்டுக்கும் காசு இல்லை. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் அவரே அந்தப் பக்கத்தை வெட்டினார்.

அடுத்த தலையிடி வருடக் கணக்கு. நிதியாண்டு பங்குனி 31 இல் முடியும். அன்றைக்குக் களஞ்சியம் நிறைந்திருக்கும், கடனும் உச்சத்தில் நிற்கும். அதை வைத்துப் பார்த்தால் எந்த வருடமும் பயமாகத்தான் தெரியும். ஆகவே எங்கள் பாவனைக்கு ஒவ்வொரு நெற்போகத்துக்கும் தனிக் கணக்கு, வங்கிக்கு நிதியாண்டுக் கணக்கு என்று பிரித்தேன்.

விற்பனை ஆண்டுக்கு ஐந்து வீதம் கூடும் என்று நேர்கோடு போடத்தான் படிவம் சொன்னது. 2021 இல் அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு வந்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்ததைக் கண்டவர்கள் யாரும் அந்தக் கோட்டை நம்பமாட்டார்கள். ஷெல் எண்ணெய்க் கம்பனி 1970களின் தொடக்கத்திலேயே ஒரே எதிர்வுகூறலை விட்டுவிட்டுப் பல நிலைமைகளை எழுதிப் பார்த்தது. அதேபோல நாங்களும் மூன்று தாள் எழுதினோம்: வழமையான விளைச்சல், விளைச்சல் விழுந்தால், இறக்குமதி அரிசி வந்து விலை விழுந்தால். ஒவ்வொன்றிலும் என்ன செய்வோம், எப்போது முடிவெடுப்போம் என்றும் குறித்தோம். கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கான தாளைத் திருத்தும் நாள், குளத்து நீரைப் பார்த்து எவ்வளவு ஏக்கர் செய்வதென்று தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு மறுநாள்.

வங்கி அதிகாரி மூன்று தாளையும் புரட்டிவிட்டு, "எங்கட படிவத்தில ஒரு நிரல்தானே இருக்கு, எதைப் போடுற?" என்று கேட்டார். விளைச்சல் விழும் தாளையே போடச் சொன்னேன். அதிலும் தவணை கட்ட முடிகிறது என்று தெரிந்ததும் கேள்விகள் குறைந்தன. கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கடன் தந்தார்கள். அதனால் இயந்திரத்தில் ஒரு அளவு சிறியதை எடுத்தோம்.