பீடியை விட்டார், மாத்திரை கூடிப்போனது

"மக்களே, அப்பாக்கு கை கெடந்து வெறைக்கு. சாயா கிளாசக்கூட பிடிக்க முடியல்ல."

ஜூலை மாத மழையில் குலசேகரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். நான் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். சர்க்கரை குறைந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். "வேற என்ன செய்யுது?" என்றேன். ரெண்டு நாளாக உறக்கம் இல்லை, காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டார், நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். அப்பாவோ பின்னாலிருந்து, "ஒண்ணும் இல்ல, கட்டன் சாயா ஒண்ணு இட்டுத் தா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகும்போதே வாயில் பீடி இருக்கும். வீட்டுக்கு வந்தால் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை. ரெண்டு வருஷம் முன்பு நாகர்கோவிலில் நெஞ்சு டாக்டர் ஒருவர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, சி.ஓ.பி.டி. என்றார், மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு நிற்கும் நெஞ்சு நோய். இன்ஹேலர் எழுதினார். எங்கள் ஊரில் இன்ஹேலர் என்றால் கடைசிக் கட்டம் என்று ஒரு எண்ணம். அப்பா அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "குளிகை தாருங்கோ" என்றே நின்றார். அப்படித்தான் இன்ஹேலருடன் கூட, மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் மாத்திரை 400 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை, ராத்திரி ஒன்று என்று வந்தது. இந்த நோய்க்கு இன்ஹேலர்தான் முக்கியம், மாத்திரை துணைக்கு மட்டும் என்று டாக்டர் சொன்னார். அதை நாங்கள் யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மாத்திரை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கூட ரெண்டு போடவில்லை. அதனால்தான் மாத்திரை மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்று சாயங்காலமே வண்டி பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். நாடித்துடிப்பு 128. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். டூட்டி டாக்டர் சின்னப் பெண். அம்மா கொண்டுவந்த மஞ்சள் பையை அப்படியே மேசையில் கவிழ்க்கச் சொன்னார். கிழிந்த மாத்திரை அட்டைகள், பாதி இருமல் மருந்து, ஒரு தைல பாட்டில் எல்லாம் விழுந்தன. ஒரு அட்டையை எடுத்து, "சிப்ரோஃப்ளாக்சசின் எப்போதிருந்து?" என்றார். அஞ்சு நாள். மூத்திரம் போகும்போது எரிச்சல், காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்கில் காட்டினோம், அவர்கள் கொடுத்த ஆன்டிபயாடிக் அது. அங்கே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

"பீடி குடிப்பாரா?"

அம்மா பெருமையாக, "விட்டுட்டாரு டாக்டரே, இப்ப ஒரு மாசம் ஆச்சு" என்றாள். டாக்டர் அப்பாவைப் பார்த்து, "ரொம்ப நல்ல காரியம்" என்றார். கூடவே, "அதையும் எங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பீடியை விட்டதைச் சொல்ல வேண்டுமா? அவர் விளக்கிய விதம் இப்போதும் நினைவிருக்கிறது. புகையில் இருக்கும் தார்ச் சரக்கு கல்லீரலை முடுக்கி விடுமாம். முடுக்கிவிட்ட கல்லீரல் தியோபிலினைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளும். அப்பாவுக்கு அந்த 400 போட்டது பீடி குடித்துக்கொண்டிருந்த உடம்புக்கு. பீடி நின்றதும் கல்லீரல் நிதானத்துக்கு வந்துவிட்டது. அதே மாத்திரை, ஆனால் ரத்தத்தில் தங்குவது அதிகம். அதன் மேல் சிப்ரோஃப்ளாக்சசின். அது தியோபிலினைக் கரைக்கிற வேலையையே தடுத்துவிடும். காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். வெளியே போகிற மடை மூன்று பக்கமும் அடைபட்டால் குளம் நிறையத்தானே செய்யும்.

அப்பா படுத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப வெத்தலைக்க கூட பொகையில போட்டா?" டாக்டர் சிரித்துவிட்டார். கல்லீரலை முடுக்குவது புகைதான், மெல்லுகிற புகையிலை இல்லை. அதனால் அதைப் போடலாம் என்று அர்த்தமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

இன்னொரு விஷயம் பேச்சுவாக்கில் வந்தது. காய்ச்சலில் தொண்டை வறண்டு மாத்திரை இறங்கவில்லை என்று, அம்மா அதைச் சின்ன உரலில் இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள், மூன்று நாளாக. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியதை இடித்துக் கொடுத்தால் மொத்தமும் ஒரே அடியாக இறங்கும். பாதியாக உடைக்கலாமா என்பதே மாத்திரைக்கு மாத்திரை வேறாம், கேட்காமல் உடைக்கக் கூடாது. அம்மா அழுதுவிட்டாள். பாவம், அவளுக்கு யார் சொன்னார்கள்?

ரெண்டு நாள் படுக்க வைத்தார்கள். தியோபிலினை நிறுத்தினார்கள், மூத்திரத் தொற்றுக்கு வேறு ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க வெளியே அனுப்பிய ரிசல்ட் வீட்டுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது: 26. மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது பழைய கணக்கு, இப்போது அதைவிடக் குறைவாகவே போதும் என்கிறார்கள். பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் இந்த மருந்துக்கு இடைவெளி அவ்வளவு குறைவு. அளவு இன்னும் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். வாந்தி, நடுக்கம் என்று முன்னறிவிப்பு இல்லாமலே வலிப்பு வருவதும் உண்டாம். இதைக் கேட்ட பிறகு நான் ரெண்டு ராத்திரி உறங்கவில்லை.

கட்டன் சாயா பற்றியும் கேட்டேன். தியோபிலினை முதலில் கண்டுபிடித்ததே தேயிலையிலிருந்துதான், 1888-ல். காப்பி, தேயிலையில் இருக்கும் கஃபீன் அதற்குப் பங்காளி முறை. உறக்கம் இல்லை என்று அப்பா குடித்த அஞ்சாறு கட்டனும் படபடப்பைக் கூட்டத்தான் செய்திருக்கும். இப்போது ஒரு நாளைக்கு ரெண்டு என்று ஒப்பந்தம். மூன்றாவதை அவர் கடையில் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும், கேட்பதில்லை.

ரெண்டு வாரம் கழித்து நெஞ்சு டாக்டர் 200-ஆகக் குறைத்துத் திரும்ப ஆரம்பித்தார். ஒரு நாள் மறந்தால் மறுநாள் ரெண்டாகப் போடக் கூடாது. ராத்திரி திடீரென்று இளைப்பு வந்தால், கூடுதலாக ஒரு மாத்திரை போடலாம் என்ற நினைப்பே வரக் கூடாது; அந்த நேரத்துக்கு உதவுவது இன்ஹேலர்தான். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி இழுக்கக் கற்றுக்கொடுத்தார். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. "இது நல்லா இறங்குகு" என்கிறார். இன்ஹேலர் ஒழுங்காகப் போனால் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் செய்தது ஒன்றுதான். தபால் கார்டு அளவு அட்டையில் தமிழில் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்பா சட்டைப் பையில் வைத்தேன்: "தியோபிலின் சாப்பிடுகிறேன். ஆன்டிபயாடிக் எழுதும் முன் இதைப் பார்க்கவும்." சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சிமெடிடின் ஆகிய பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். பீடியை விட்ட தேதியும் இருக்கிறது.

போன வாரம் பல்வலி. தனியாகவே பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வாயத் தொறக்க முன்னே அட்டையக் காட்டினேன். அவரு வாசிச்சிட்டு, பீடி விட்டதுக்கு தேதி எதுக்குன்னு கேட்டாரு. உக்காரும், சொல்லித் தாறேன்னேன்."